தவக்காலமும் நம்ம பிடி அரிசியும்

(தவக்காலத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



நம்ம கூட்டமைப்பில் எல்லா மதத்துச் சகோதரிகளும் இருக்கோம். மார்கழியில் விரதம் இருக்கிறவங்க இருக்காங்க. ரமலானில் நோன்பு பிடிக்கிறவங்க இருக்காங்க. இப்போது கிறிஸ்தவச் சகோதரிகளுக்குத் தவக்காலம். அதனால் இந்த மாதம் தவக்காலத்தைப் பற்றியும், சில புனிதர்களின் வாழ்க்கையைப் பற்றியும் பேசச் சொன்னாங்க. இது ஜெபக்கூட்டம் இல்லை. அவங்க வாழ்க்கையில் நம்ம குழுவுக்கு ஆகிற பாடம் என்ன என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் தெரியாதவங்களுக்காக ஒரு விளக்கம். தவக்காலம் சாம்பல் புதன் அன்று தொடங்குகிறது. அன்றைக்குக் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுவாங்க. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். ஞாயிற்றுக்கிழமை நோன்பு நாள் இல்லை என்பதால் ஆறு ஞாயிறைக் கழித்தால் 40 நாள். இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்ததை நினைத்துத்தான் இந்தக் கணக்கு. இந்த நாட்களில் மூன்று காரியம் செய்யவேண்டும் என்று திருச்சபை சொல்கிறது. ஒன்று ஜெபம். இரண்டு நோன்பு. மூன்று தர்மம். முதல் இரண்டையும் நாம் நன்றாகவே செய்கிறோம். மூன்றாவதுதான் உண்டியலில் சில்லறை போடுவதோடு நின்றுபோகிறது. இன்றைக்கு அந்த மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பட்டினி கிடப்பது மட்டும் நோன்பு இல்லை

நோன்பு என்றவுடனே நம்ம பெண்கள் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்க. சாதாரண நாளிலேயே வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? குழம்பில் காய் தீர்ந்த பிறகு ரசத்தை ஊற்றிக்கொள்வது யார்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்குப் பாதிக்கும் மேலே! இந்த உடம்பை இன்னும் வாட்டுவது தவம் ஆகாது.

கத்தோலிக்கச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. கட்டாய ஒருசந்தி வருஷத்தில் இரண்டே நாள்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவங்களுக்கு மட்டும். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிற சகோதரி அதை நிறுத்தவேண்டியதில்லை. கீரையையும் பயறையும் விடவேண்டியதில்லை.

அப்படியானால் எதை விடவேண்டும்? இதற்குத்தான் எலிசபெத் அம்மாளின் கதை.

சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்ட அரசி

ஹங்கேரி நாட்டு ராஜாவின் மகளாக 1207-இல் பிறந்தவர் புனித எலிசபெத். சின்ன வயதிலேயே ஜெர்மனியில் துரிங்கியா என்ற பகுதியின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டு, 14 வயதில் அந்த நாட்டுப் பிரபு லுட்விக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். (அந்தக் காலம் அப்படி. இன்றைக்கு 14 வயதில் கல்யாணம் என்றால் உடனே 1098-க்குப் போன் போடவேண்டும்.)

அவர் இறந்த பிறகு, கூடவே இருந்த பணிப்பெண்களைக் கூப்பிட்டு விசாரித்து, அவங்க சொன்னதை எழுதிவைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. ராஜாக்களின் கதையை வழக்கமாகப் புலவர்கள்தான் எழுதுவார்கள். இங்கே ஒரு அரசியின் கதை வேலைக்காரப் பெண்களின் வாய்மொழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

அவங்க சொன்னதில் முக்கியமானது இது. அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரும்போது எலிசபெத் ஒவ்வொரு பதார்த்தத்தையும் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பாராம். கணவரின் சொந்த நிலத்தில் நியாயமாக விளைந்தது என்றால் சாப்பிடுவார். ஏழைக் குடியானவனிடம் அநியாயமாகப் பிடுங்கியது என்றால் தொடமாட்டார். பல நாள் மேஜை நிறைய உணவு இருந்தும் அவரும் பணிப்பெண்களும் பசியோடு எழுந்திருக்கிறார்கள். விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். கணவர் மட்டும் அவரைத் தடுக்கவில்லை.

பாருங்க, இது நாம் நினைக்கிற நோன்பிலிருந்து எவ்வளவு வித்தியாசம்! "இன்றைக்கு நான் கறி சாப்பிடவில்லை" என்று சொல்வது சுலபம். "என் தட்டில் இருப்பது யாருடைய வயிற்றில் அடித்தது?" என்று கேட்பது கஷ்டம். குழுவில் 1 வட்டிக்குக் கடன் எடுத்து வெளியே 5 வட்டிக்கு விடுகிறவங்க நம்மிலும் உண்டு. யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அவரவருக்குத் தெரியும். அந்த 4 வட்டியில் வாங்கிய அரிசியைச் சமைத்து, வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று சைவமாகச் சாப்பிட்டால் அது நோன்பா? எலிசபெத் அம்மாளிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்?

அரிவாளும் செருப்பும்

1226-இல் அந்த நாட்டில் கடும் பஞ்சம். கணவர் இத்தாலிக்குப் போயிருந்தார். எலிசபெத் அரண்மனைத் தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். தினமும் ஏராளமான ஜனங்களுக்கு உணவு போனது. கோட்டை மலையின் அடிவாரத்தில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் வைத்தார். அதிகாரிகள், "கஜானாவைக் காலி பண்ணுகிறார்" என்று கணவரிடம் புகார் சொன்னார்கள்.

நம்ம குழுவுக்கு இதற்கு அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். புது அறுவடை வந்தது. வேலை செய்ய உடம்பில் தெம்பு உள்ளவங்களுக்கு அவர் சட்டையும், தாள் குத்தாமல் இருக்கக் காலுக்குச் செருப்பும், கையில் அறுப்பு அரிவாளும் கொடுத்து அனுப்பினார். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவது ஒரு உதவி. பஞ்சம் முடிந்ததும் தன் காலில் நிற்கக் கருவி கொடுப்பது இன்னொரு உதவி. 800 வருஷத்துக்கு முன்னாடியே அந்த 19 வயசுப் பொண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. நாம் தையல் மெஷினுக்கும் கறவை மாட்டுக்கும் கடன் கொடுப்பதும் அதே கணக்குதான்.

1227-இல் சிலுவைப்போருக்குப் போன வழியில் லுட்விக் காய்ச்சலில் இறந்துபோனார். எலிசபெத்துக்கு 20 வயது, கையில் மூன்று குழந்தைகள். அரண்மனையை விட்டு வெளியேறினார். மார்பர்க் என்ற ஊரில், தனக்கு வந்த பணத்தில் ஒரு மருத்துவமனை கட்டி, நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை விரித்து, கம்பளி நூல் நூற்றுக் கூலி வாங்கினார். ராஜா மகள் கூலிக்கு நூல் நூற்றார்! கூட வேலை செய்த பெண்களிடம், "என்னை அரசி என்று கூப்பிடாதீங்க, நீ என்றே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு, தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறார். இதையும் ஒரு பணிப்பெண்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்.

1231-இல் 24 வயதில் இறந்தார். 1235-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். அவருக்கு ஆன்ம குருவாக இருந்த கொன்ராட் என்பவர் மிகக் கடுமையானவர். அடிக்கக்கூடச் செய்தார். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார் என்று வரலாறு சொல்கிறது. சகோதரிகளே, அதை நாம் பின்பற்றவேண்டியதில்லை. புனிதர்களின் வாழ்க்கையில் இருக்கிற எல்லாமே நமக்குப் பாடம் இல்லை. அடியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்க.

ஓரகத்தியும் ஓரகத்தியும்

அடுத்து ரோம் நகர பிரான்செஸ்கா அம்மாள். இவருடைய திருநாள் மார்ச் 9. பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். 1384-இல் பிறந்தவர். கன்னியர் மடத்துக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் வீட்டில் சின்ன வயதிலேயே கல்யாணம் பண்ணிவைத்துவிட்டார்கள். போன வீட்டில் வனோசா என்ற ஓரகத்தி இருந்தார். அவருக்கும் இதே ஆசை இருந்தது இவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் சண்டை என்றுதான் நாம் கதை கேட்டிருக்கோம். இவங்க இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து குடும்ப வேலையையும் பார்த்துக்கொண்டு, ஏழைகள் வீட்டுக்கும் நோயாளிகளிடமும் சேர்ந்தே போனார்கள்.

ரோமில் யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய் மூன்றும் மாறி மாறி வந்தன. கொள்ளைநோயில் பிரான்செஸ்கா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். கணவர் சண்டையில் காயப்பட்டு வந்தார், அவரையும் கவனித்தார். இந்தத் துக்கத்துக்கு நடுவில் தன் வீட்டையே நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார். மாமனாருக்கு இவங்க வாரிக் கொடுப்பது பிடிக்கவில்லை. தானியத்தை எல்லாம் விற்றுவிட்டு களஞ்சியத்தை வெறுமையாக வைத்தார் என்றும், ஓரகத்திகள் இருவரும் காலிக் களஞ்சியத்தில் குந்தி உட்கார்ந்து, வைக்கோலையும் பதரையும் சலித்து, சிந்திக் கிடந்த மணியைப் பொறுக்கி ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். பிறகு அந்தக் களஞ்சியம் அற்புதமாய் நிறைந்தது என்பது அவங்க நம்பிக்கை. அற்புதம் இருக்கட்டும். எனக்கு அந்தச் சலிப்புதான் பெரிதாகத் தெரிகிறது. "நம்மகிட்ட ஒன்றுமில்லையே, எதைக் கொடுப்பது?" என்று உட்கார்ந்துவிடாமல் பதரைச் சலித்தார்கள் பாருங்க!

பிரான்செஸ்கா 1425-இல், வீட்டில் இருந்தபடியே தர்ம காரியம் செய்கிற பெண்களைச் சேர்த்து ஒரு அமைப்பு தொடங்கினார். கணவர் இறந்த பிறகு 1436-இல் தானும் அவங்களோடு போய் வாழ்ந்து, 1440 மார்ச் 9 அன்று இறந்தார்.

"வரமாட்டேன்" என்று சொன்ன பெண்

மூன்றாவது, நமக்கு ரொம்பப் பக்கத்துக் காலத்தவர். ஜோசபின் பக்கித்தா. ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டின் தார்ஃபூர் பகுதியில் 1869 வாக்கில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஆள் பிடிப்பவர்கள் தூக்கிக்கொண்டு போய் அடிமையாக விற்றுவிட்டார்கள். பயத்தில் அந்தக் குழந்தைக்குத் தன் பெயரே மறந்துபோனது. பிடித்தவர்கள் வைத்த பெயர்தான் பக்கித்தா. அதற்கு அதிர்ஷ்டசாலி என்று அர்த்தமாம்! கை மாறிக் கை மாறிப் பலமுறை விற்கப்பட்டார். உடம்பில் கத்தியால் கீறி உப்புத் தடவிய தழும்புகள் நூற்றுக்கு மேல்.

கடைசியில் ஒரு இத்தாலியத் தூதரக அதிகாரி விலைக்கு வாங்கினார். 1885-இல் இத்தாலிக்கு வந்தார். அங்கே ஒரு குடும்பத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்தக் குடும்பத்து அம்மா ஊருக்குப் போனபோது, குழந்தையையும் பக்கித்தாவையும் வெனிஸ் நகரில் கன்னியர்களிடம் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து, "கிளம்பு, ஆப்பிரிக்காவுக்குப் போகலாம்" என்றார். பக்கித்தா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்! விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. இத்தாலிச் சட்டத்தில் அடிமை என்று யாரும் கிடையாது, ஆகவே பக்கித்தா சுதந்திரப் பெண், எங்கே இருப்பது என்பதை அவரே முடிவு செய்யலாம் என்றது நீதிமன்றம்.

பிறகு அவர் ஞானஸ்நானம் பெற்று, கனோசா சபைக் கன்னியர் ஆனார். ஸ்கியோ என்ற ஊரில் பல வருஷம் சமையல், எம்பிராய்டரி, வாசல் காப்பது என்று வேலை செய்து, 1947 பிப்ரவரி 8 அன்று இறந்தார். 2000-ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் கிடைத்தது.

செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறவங்களை நமக்குத் தெரியும். "கடன் தீருகிற வரைக்கும் வெளியே போகக்கூடாது" என்று முதலாளி சொன்னால் அது சட்டப்படி குற்றம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் பக்கித்தாவுக்குத் துணையாகக் கன்னியர்கள் நின்றதுபோல் யாராவது பக்கத்தில் நின்றால்தான் "வரமாட்டேன்" என்ற சொல் வாயில் வரும். குழு என்பது அதற்குத்தான்.

ஒரே பந்தி

நம்ம மண்ணிலிருந்தும் ஒருவரைச் சொல்லவேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-இல் ஆரல்வாய்மொழி பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அறிவிக்கப்பட்டது. நம்ம குழுக்களில் இன்னும் சில இடத்தில் கூட்டம் ஒரு தெருவில் மட்டும்தான் நடக்கிறது. இன்னொரு தெருச் சகோதரி வீட்டில் டீ குடிக்கத் தயக்கம். இந்த 40 நாளில் கறியை விடுவதைவிட இந்தத் தயக்கத்தை விடுவது பெரிய ஒறுத்தல்.

தவக்காலப் பிரசங்கத்தில் பிறந்த கடன் நிதி

கடனுக்கும் தவக்காலத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் ஏழைகள் வட்டிக்குக் கடன் வாங்கி மீள முடியாமல் தவித்தார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் ஊர் ஊராகப் போய்த் தவக்காலத்தில் பிரசங்கம் செய்து, வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி, பெருஜா நகரில் 1462-இல் ஏழைகளுக்கான அடகுக் கடன் நிதி ஒன்று ஏற்படுத்தினார்கள். சின்னப் பொருளை அடகு வைத்துச் சின்னக் கடன் வாங்கலாம். நிர்வாகச் செலவுக்கு மட்டும் குறைந்த வட்டி. "துறவிகள் வட்டி வாங்கலாமா?" என்று பெரிய விவாதம் நடந்தது. 1515-இல் திருச்சபைச் சங்கம் கூடி, செலவுக்காக வாங்குகிற சிறு தொகை பாவம் இல்லை என்று தீர்மானித்தது. அந்தப் பிரசங்கங்களில் சில யூத மக்கள்மேல் வெறுப்பையும் வளர்த்தன. அது அந்த முயற்சியின் கறை. அதையும் மறைக்காமல் தெரிந்துகொள்வோம். ஆனால் நோன்புக் காலத்தில் மிச்சமாகிற பணம் ஏழைக்குக் கடன் நிதியாகலாம் என்ற யோசனை நல்ல யோசனை.

நம்ம நாட்டிலேயே மிசோரம் மாநிலத்துப் பெண்கள் 1910 வாக்கிலிருந்து சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கிவைக்கிறார்கள். அந்த அரிசியை விற்ற பணத்தில் சபைக் காரியங்கள் பல நடக்கின்றன.

நாம் என்ன செய்யப்போகிறோம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு. பெயர் வேண்டாம். ஒரு சகோதரியின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று தவணை கட்டவில்லை. குழுவில் பத்துப் பேர் சாயங்காலம் போய் அவர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் பிள்ளையின் காதுத் தோட்டைக் கழற்றி விற்றுக் கட்டினார். தவணை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சகோதரி அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

உட்கார்ந்தவங்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒருவர் கட்டாவிட்டால் குழுவுக்கே அடுத்த வங்கிக் கடன் கிடைக்காது என்ற பயம் அவங்களுக்கு. தனிநபர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஒரு நிதி இல்லை. அதுதான் குறை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்.

1. இந்த 40 நாளும் ஒவ்வொரு உறுப்பினரும் தினம் 5 ரூபாய் ஒதுக்குவோம். முடியாதவங்க ஒரு பிடி அரிசி ஒதுக்கலாம். 40 நாளில் ஒருவருக்கு 200 ரூபாய், 15 பேர் உள்ள குழுவுக்கு 3,000 ரூபாய். 40 குழு சேர்ந்தால் 1,20,000 ரூபாய். அரிசி என்றால் பிடிக்கு 50 கிராம் வைத்தாலும் ஒருவருக்கு 2 கிலோ.

2. இது சந்தாவும் இல்லை, சேமிப்பும் இல்லை. தனிக் கணக்கு, தனி நோட்டு. மருத்துவம், சாவு, பிரசவம் இவற்றால் தவணை தவறினால், அந்தத் தவணையைக் கூட்டமைப்பு இந்த நிதியிலிருந்து கட்டும். அந்தச் சகோதரி நிலைமை சரியானபின் வட்டியில்லாமல் திருப்பித் தரலாம்.

3. தவணை கேட்டு யார் வீட்டு வாசலிலும் கும்பலாகப் போய் உட்காருவதில்லை என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் போய் விசாரிக்கட்டும்.

4. குழுக் கடனை வெளியே வட்டிக்கு விடுவதை இந்த 40 நாளாவது நிறுத்துங்க. நிறுத்திப் பார்த்தால் அப்புறமும் நிறுத்த முடியும்.

5. இது கிறிஸ்தவங்களுக்கு மட்டும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் ஃபித்ரா கொடுக்கிற சகோதரிக்கும், அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கிற சகோதரிக்கும் இது புதுசு இல்லை. அவரவர் விரத காலத்தில் அவரவர் சேரலாம்.

நான் சொன்ன புனிதர்கள் யாரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. ஒருவர் இளம் விதவை. ஒருவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். ஒருவர் விலைக்கு விற்கப்பட்ட பெண். ஒருவர் உத்தியோகம் இழந்து சிறைக்குப் போனவர். நம்ம குழுப் பதிவேட்டைப் புரட்டினால் இதே மாதிரி வாழ்க்கைகள் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தீர்மான நகலையும் அந்தத் தனி நோட்டையும் கொண்டுவாங்க. முன்னால் சொன்ன அந்தச் சகோதரி வீட்டுக்கு யாராவது இரண்டு பேர் போய், "கூட்டத்துக்கு வாம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வாங்க. அந்த இரண்டு பேர் அன்றைக்கு வாசலில் உட்கார்ந்த பத்துப் பேரில் இருந்தால் இன்னும் நல்லது.